முகத்தில் தேன் நிறப் பொருக்கு: அக்கி என்று விட்டுவிடாதீர்கள்!

மூக்குக்குக் கீழே சின்னதாக ஒரு கொப்புளம். குழந்தை சொறிந்தது, உடைந்தது, நீர் கசிந்தது. மறுநாள் பார்த்தால் தேன் காய்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி மஞ்சள் பொருக்கு. இரண்டு மூன்று நாளில் வாயோரம், கன்னம் என்று பரவுகிறது. வீட்டுப் பெரியவர்கள் உடனே, "அக்கி வந்திருக்கு, காவி பூசு" என்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அக்கி பெரும்பாலும் உடம்பில் ஒரு பக்கம் மட்டுமே, பட்டை போல வரும். எரிச்சலும் வலியும் கடுமையாக இருக்கும். (அது கண்ணருகே வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.) கரப்பானில் அரிப்புதான் பிரதானம், விட்டு விட்டு வரும். தேன் நிறப் பொருக்கோ கிருமியால் வரும் சிரங்கு. இதற்கு ஆங்கில மருத்துவத்தில் 'இம்பெடிகோ' என்று பெயர். 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு அதிகம். கொசுக்கடி, சொறி, மூக்கொழுகிப் புண்ணான இடம் என்று தோல் கிழிந்த வழியே கிருமி நுழைகிறது. சரியான ஒட்டுவாரொட்டி!

காவியோ மஞ்சளோ குழைத்து அப்பினால் அதன் அடியில் சீழ் தங்கும். பரவுவதும் கண்ணுக்குத் தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு ட்யூபும் வேண்டாம்.

பொருக்கை உலர்ந்தபடியே பிய்க்காதீர்கள். வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி ஆறிய நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பத்து நிமிடம் மேலே வையுங்கள். ஊறிய பொருக்கு தானாக விடும். மெதுவாக ஒற்றி எடுத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு, மருத்துவர் தந்த களிம்பைப் போடுங்கள். துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும், வெந்நீரில் துவையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

'சித்த வைத்தியரே ஆன்டிபயாடிக் போடச் சொல்றாரே' என்று நினைக்காதீங்க. ஒன்றிரண்டு இடம் என்றால் களிம்பு போதும். பல இடத்தில் இருந்தால், காய்ச்சல் வந்தால், நெறி கட்டினால் உள்ளுக்கு மருந்து வேண்டும். நாங்கள் கரப்பானுக்குத் தரும் அருகன் தைலம் நல்ல மருந்துதான். ஆனால் கிருமி பிடித்து நீர் வடிகிற புண்ணில் அதைத் தடவிக் காத்திருப்பது சரியல்ல. மருந்து ஆரம்பித்து 24 மணி நேரம் கழிந்தால் பள்ளிக்கு அனுப்பலாம்.

கத்திரிக்காய், கருவாடு? கரப்பானுக்கு நாங்கள் சொல்லும் பத்தியம் அது. இதற்கு அவசியமில்லை, வழக்கம்போல் சாப்பிடட்டும்.

அடிக்கடி திரும்பி வந்தால், வீட்டில் யாருக்காவது ராத்திரியில் அதிகமாகும் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சொறி இருந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று முக்கியம். சில கிருமிகளால் வரும் சிரங்கு ஆறிய பிறகும், 3 முதல் 6 வாரத்துக்குள் அபூர்வமாகச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காலையில் கண்ணிமை வீங்கியிருக்கிறதா? சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறதா, அளவு குறைகிறதா? அப்படியென்றால் கஷாயம் எதுவும் கொடுத்துப் பார்க்காமல், அன்றே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.