எருக்குழியும் நுண்ணுயிர்களும்

மாட்டுச் சாணம் பயிருக்கு உரமாகும் என்பது யாவரும் அறிந்ததே. எனினும் சாணம் வேறு, எரு வேறு என்பதைப் பலர் கருதுவதில்லை. தொழுவத்தில் வாரிய சாணத்தையும் கூளத்தையும் அப்படியே வயலிற் கொட்டினால், பயிர் செழிப்பதற்கு மாறாகச் சில வாரங்கள் வெளிறி நிற்பதும் உண்டு. சாணத்தை எருவாக்குவது வெறும் காலக்கழிவு அன்று. பாக்டீரியா என்னும் கண்காணா நுண்ணுயிர்க் கூட்டமே அவ்வேலையைச் செய்கின்றது. அக்கூட்டத்தின் தேவையறிந்து பேணுவோன் நல்லெரு பெறுவான்; பேணாதவன் அச்சத்தின் பெரும்பகுதியைக் காற்றுக்கும் மழைக்கும் பறிகொடுப்பான்.

சாணத்தையும் வைக்கோலையும் கலந்து குவித்த ஓரிரு நாளில் குவியல் சூடேறுவதைக் காணலாம். இச்சூடு வெயிலால் வந்ததன்று. நுண்ணுயிர்கள் பிராணவாயுவை உட்கொண்டு, கூளத்திலுள்ள சர்க்கரை, மாவு, புரதம் முதலியவற்றைச் சிதைக்கும்போது பிறப்பது. மிதமான வெப்பத்தில் வாழ்வன முதலில் தொழில் தொடங்குகின்றன. வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடு அளவைக் கடந்ததும் அவை ஒடுங்க, வெப்பத்தை விரும்பும் வேறு பாக்டீரியாக்கள் அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. 55 முதல் 65 டிகிரி வரை இவை உழைக்கும் காலத்தில், சாணத்திலுள்ள நோய்க்கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் களைவிதைகளும் பெரும்பாலும் மடிகின்றன. வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினாலோ, உழைப்பாளிகளே மாளத் தொடங்குவர். பின்பு குவியல் ஆறும். ஆக்டினோமைசீட்டு என்னும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பெருகி, எஞ்சிய கடினமான நாரைச் சிதைக்கும். முதிர்ந்த எருவில் எழும் புதுமழை மண்ணின் மணம் அவ்வாக்டினோமைசீட்டுகள் தருவதேயாம்.

இனி இவற்றின் உணவை நோக்குவோம். நுண்ணுயிர்க்கு ஆற்றல் தருவது கரி. உடலை வளர்ப்பது நைட்ரஜன். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரி 25 முதல் 30 பங்கு வரை இருத்தல் நன்று. பசுஞ்சாணத்தில் கரி ஏறக்குறைய 20 பங்கே. வைக்கோலிலோ அதனினும் பன்மடங்கு. ஆதலின் இரண்டையும் கலத்தல் வேண்டும். நைட்ரஜன் மிகுந்தால் அது அம்மோனியாவாகிக் காற்றிற் கலந்து ஒழியும். கரி மிகுந்த மட்காக் கூளத்தை வயலில் இட்டால், பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே கவர்ந்துகொள்ளும். மேலே கூறிய பயிர் வெளிறுவதற்கு இதுவே காரணம்.

உணவோடு நீரும் காற்றும் வேண்டும். குவியலில் ஈரம் பாதிக்குச் சற்று மேலாக இருத்தல் தகும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், கையில் ஈரம் படிந்து ஓரிரு துளி மட்டும் கசிவது சரியான பதம். நீர் தேங்கினால் காற்று புகாது. அப்போது பிராணவாயு வேண்டாத வேறு உயிர்கள் தலையெடுக்கும். துர்நாற்றம் எழும், மட்குதல் தாமதப்படும், குவியலும் போதிய சூடேறாது.

இவ்வுண்மைகளை உழவர் கையாளத்தக்க முறையாக வகுத்தவருள் ஆல்பர்ட் ஹோவர்ட் முதன்மையானவர். அவர் 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவின் இந்தூரில் ஆராய்ச்சி நடத்தி, யஷ்வந்த் வாட் என்பாருடன் தம் முடிவுகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். பயிர்க்கழிவு, சாணம், கோமூத்திரம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, நீர் தெளித்து, இடையிடையே கிளறிவிடுவது அம்முறை. ஏறத்தாழ மூன்று திங்களில் எரு முதிரும். கிளறுவதால் காற்று உட்புகும். வெளிப்புறம் ஆறிக்கிடந்த பகுதியும் உட்சென்று வெந்து தூய்மையுறும். கால்நடை கழிக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கு மூத்திரத்தில் உள்ளதாகையால், தொழுவத்தில் மண் பரப்பி அதனை ஏந்திக்கொண்டது இம்முறையின் தனிச் சிறப்பு.

நிற்க. எரு முதிர்ந்தபின் வேறிரு வகைப் பாக்டீரியாக்கள் தொழிற்படும். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொன்று அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும். பயிர் வேர் எளிதில் உறிஞ்சுவது நைட்ரேட்டே. ஆயினும் நீரில் எளிதிற் கரைவதும் அதுவே. ஆகவே முதிர்ந்த எருவை மழையில் நனையவிடாமல் மூடிவைத்து, காலத்தே நிலத்தில் சேர்த்தல் வேண்டும்.

தெருவோரத்தில் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கும் குப்பைமேடு, ஓர் உழவன் செல்வம் நாள்தோறும் கரைந்தோடும் இடமாகும். அவன் இழந்த நைட்ரஜனைப் பின்னர் கடையில் விலைகொடுத்து வாங்குகின்றான். மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் காற்றோட்டமும் குறைவறத் தருபவன், அவற்றையே எருக்குழியில் வாழும் சிற்றுயிர்களுக்கும் தருவானாயின், அவ்விழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் தம் வீட்டுக் குவியலின் நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, சிறிது பொறுத்து எடுத்துத் தொட்டுப் பார்ப்பாராக. புதிதாய்க் குவித்த எருவிலும் கம்பி குளிர்ந்தே இருந்தால், உணவு, நீர், காற்று என்னும் மூன்றனுள் எது குறைந்தது எனத் தேர்ந்து திருத்துதல் அவர் கடன்.