சட்னியின் பச்சை எங்கே போயிற்று?

காலையில் ஆவடியிலோ அம்பத்தூரிலோ அரைத்து டப்பாவில் அடைத்த கொத்தமல்லிச் சட்னி, பள்ளியில் மதிய மணி அடிக்கும்போது பழுப்பேறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "எல்லாம் மிக்ஸியின் சூடு, அம்மியில் அரைத்தால் நிறம் போகாது" என்பார் பாட்டி. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

500 வாட் மிக்ஸி ஒரு நிமிடம் ஓடினால் 30,000 ஜூல் ஆற்றல் செலவாகிறது. அம்மியில் 50 வாட் திறனுடன் பத்து நிமிடம் அரைத்தாலும் அதே 30,000 ஜூல்தான்! ஆனால் வெப்பம் போய்ச் சேரும் இடம் வேறு. மிக்ஸியின் ஆற்றலில் பாதி 200 கிராம் சட்னிக்குள் இறங்குவதாகக் கொள்வோம். ஒரு கிராமை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4 ஜூல் தேவை. ஆகவே சட்னியின் வெப்பநிலை 19 டிகிரி அளவுக்கு ஏறும். 20 கிலோ அம்மிக்கல்லோ, முழு 30,000 ஜூலையும் வாங்கிக்கொண்டாலும் 2 டிகிரிகூடச் சூடேறாது.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. மறுபாதி வேதியியல். இலை நசுங்கியதும் அதன் செல்களில் தனித்தனியே இருந்த பீனால் பொருள்களும் ஒரு நொதியும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சேர்ந்ததும் பழுப்பு நிறம் பிறக்கிறது. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் இப்படித்தான். போதாக்குறைக்கு, பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் அணுவைப் புளியின் அமிலம் மெல்ல வெளியேற்றிவிடுகிறது. ஆகவே அம்மிச் சட்னியும் நேரம் சென்றால் நிறம் மாறும். நிறம் மாறியதாலேயே அது கெட்டுவிட்டதாகாது.

இத்தாலியின் ஜெனோவா நகரத்தாருக்கும் இதே தொல்லை. அவர்களுடைய 'பெஸ்டோ' நம் துவையலின் ஒன்றுவிட்ட சகோதரன். பெயருக்கே 'இடித்தது' என்றுதான் பொருள். துளசிக்கு உறவான திருநீற்றுப்பச்சிலை, பூண்டு, பைன் பருப்பு, கல்லுப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய் இவற்றைப் பளிங்கு உரலில் மரக் குழவியால் இடிக்கிறார்கள். அடுப்பில் ஏற்றாமல், வெந்த பாஸ்தாவில் பிசைகிறார்கள். மிஞ்சியதன் மேல் எண்ணெய் ஊற்றிக் காற்றை மறிக்கிறார்கள். நம் நல்லெண்ணெயும் இதைச் செய்யும். ஆனால் குளிர்பெட்டிக்கு வெளியே வைக்காதீர்கள்: காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமியும் உண்டு!

இன்னொரு வழி, இலையைக் கொதிநீரில் பத்து விநாடி அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டு அரைப்பது. நொதி பெரும்பாலும் செயலிழக்கும்; மணமும் சற்றுக் குறையும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

விடுமுறையன்று மூன்று கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் சட்னி, ஒன்றில் எண்ணெய் மூடிய சட்னி, ஒன்றில் கொதிநீரில் அமிழ்த்திய இலையின் சட்னி. மணிக்கொரு முறை நிறத்தைக் குறித்து வாருங்கள்.