சிறு படகும் பெருங்கடலும்

நுழையும்முன்

பெருங்கடலைக் கடக்கப் பெரிய கலம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். மகிழுந்தின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லத்தக்க சிறு பாய்மரப்படகு ஒன்று, 1965ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கரை சேர்ந்தது. அதைத் துணிச்சலின் வெற்றி என்றே பலர் போற்றினர். அத்துணிச்சலுக்குப் பின்னால் ஏழாண்டுக்காலப் பயிற்சியும் பராமரிப்பும் இருந்தன. அவற்றை விளக்குகிறது இப்பாடம்.

இழுவைப் படகு

துறைமுகத்தில் நிறுத்தி வைக்கும் படகுக்கு ஆண்டுதோறும் வாடகை செலுத்த வேண்டும். எப்போதும் நீரிலேயே கிடப்பதால் அதன் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படரும். இவ்விரு தொல்லைகளுக்கும் மாற்றாக அமைந்ததே இழுவைப் படகு. சக்கரங்கள் பொருத்திய வண்டியில் ஏற்றப்பட்டு, வீட்டு முற்றத்தில் இது நிற்கும். விடுமுறை நாளில் மகிழுந்துடன் இணைத்து விரும்பிய நீர்நிலைக்கு இழுத்துச் செல்லலாம். கரையின் சரிவில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திப் படகை நீரில் இறக்குவர். பிறகு பாய்மரத்தை நிறுத்திக் கயிறுகளை இறுக்கிப் பாய் விரிப்பர்.

இவ்வசதிக்கு ஈடாக உரிமையாளர் சிலவற்றை இழக்கவும் வேண்டும். சாலையில் செல்வதற்கேற்பப் படகு குறுகியதாகவும் எடை குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே, உள்ளே நிமிர்ந்து நிற்க இடமிராது. உணவு, நீர், படுக்கை, கருவிகள் ஆகிய அனைத்தையும் அளந்தே வைக்க வேண்டும். எடையை ஒரு பக்கம் மிகுதியாக வைத்தால் படகு அப்பக்கமே சாயும். எனவே, சிறு படகை வைத்திருப்பவர் எது தேவை, எது தேவையற்றது என்பதைப் பிரித்தறியக் கற்றுக்கொள்கிறார்.

பழைய படகு, புதிய உரிமையாளர்

இராபர்ட் மேன்ரி, 1918ஆம் ஆண்டில் இந்தியாவின் முசௌரியை அடுத்த லாண்டூரில் பிறந்தவர். பின்னாளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 'பிளெயின் டீலர்' என்னும் நாளிதழில் செய்திகளைத் திருத்திச் செப்பம் செய்யும் பணியில் இருந்தார். 1958ஆம் ஆண்டில் அவர் 160 டாலர் விலையில் பழைய மரப்படகு ஒன்றை வாங்கினார். அதன் நீளம் பதின்மூன்றரை அடி. வயதோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அதற்கு அவர் 'டிங்கர்பெல்' எனப் பெயரிட்டார்.

மேன்ரி அப்படகைப் படிப்படியாகச் சீரமைத்தார். முதலில் அது மனைவி வர்ஜீனியா, மகள் ராபின், மகன் டக்ளஸ் ஆகியோருடன் ஏரிகளில் உலவும் குடும்பப் படகாகவே இருந்தது. பின்னர், ஒருவர் ஒடுங்கிப் படுக்கத்தக்க சிற்றறை ஒன்றை அதன்மீது அமைத்தார். கவிழ்ந்தாலும் நிமிரும் வகையில் அடிப்பகுதிக்கு எடை சேர்த்தார். நீர் நிறைந்தாலும் மூழ்காதவாறு வெற்றிடங்களில் மிதக்கும் பொருளை அடைத்தார். இப்பணிகளைத் தம் கையாலேயே செய்ததால், படகின் எப்பகுதி வலியது, எப்பகுதி மெலியது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஈரி ஏரி தந்த பாடம்

ஈரி ஏரி, வட அமெரிக்காவின் பேரேரிகளுள் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்த நீர்ப்பரப்பில் காற்று வலுத்தவுடன் குறுகிய, செங்குத்தான அலைகள் எழும். அவை சிறு படகுகளுக்குப் பேரிடர் விளைப்பவை. அத்தகைய ஏரியில் பயணம் செய்தபோதுதான், எப்போது பாயைச் சுருக்க வேண்டும், எப்போது கரை திரும்ப வேண்டும் என்பன மேன்ரிக்குக் கைவந்தன.

அட்லாண்டிக்கைக் கடக்கவேண்டும் என்பது அவரது நெடுநாள் கனவு. நண்பர் ஒருவருடன் 25 அடிப் படகில் செல்லவே முதலில் திட்டமிட்டார். அந்நண்பர் விலகிக்கொண்டார். அதன்பின், தாம் நன்கறிந்த டிங்கர்பெல்லிலேயே தனித்துச் செல்லத் துணிந்தார். இம்முடிவை வர்ஜீனியா அறிந்து ஏற்றுக்கொண்டார். கணவர் திரும்பி வருவார் என்னும் உறுதி எவராலும் தரமுடியாத நிலையில் வழங்கப்பட்ட இசைவு அது.

எழுபத்தெட்டு நாள்கள்

1965 ஜூன் 1 அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஃபால்மத் என்னும் ஊரிலிருந்து மேன்ரி புறப்பட்டார். இங்கிலாந்தில் அதே பெயருடைய மற்றோர் ஊரே அவர் சென்றடைய வேண்டிய இடம். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3,200 மைல். நாள் ஒன்றுக்குச் சராசரியாக 41 மைல்.

பயணத்தில் அலைகள் அவரைப் பலமுறை படகிலிருந்து தூக்கி எறிந்தன. உடலையும் படகையும் பிணைத்திருந்த கயிறே ஒவ்வொரு முறையும் அவர் உயிரைக் காத்தது. சுக்கான் உடைந்தபோது கடலிலேயே அதனைச் சீர்செய்தார்.

எனினும், முன்னேற்பாட்டால் வெல்ல இயலாத ஒன்றும் இருந்தது. பெருங்கப்பல்கள் செல்லும் தடத்தில் தனியாளாய் விழித்திருக்க நேர்ந்தமையால் அவர் உறக்கம் இழந்தார். படகில் வேறு மனிதர்கள் இருப்பதாகவும், தம்முடன் பேசுவதாகவும் மயங்கினார். படகைச் செப்பனிடலாம், களைத்த மூளைக்கோ உறக்கத்தைத் தவிர வேறு மருந்தில்லை என்பதைக் கடல் உணர்த்தியது.

ஆகஸ்டு 17 அன்று அவர் இங்கிலாந்தின் ஃபால்மத்தை அடைந்தார். கரையில் பல்லாயிரம் மக்கள் திரண்டு வரவேற்றனர். குடும்பத்தினரும் அங்குக் காத்திருந்தனர்.

துணிவு என்பது யாது?

மேன்ரியின் பயணத்தைப் பொறுப்பற்ற செயல் எனக் கூறுவோரும் உண்டு. குடும்பம் உடைய ஒருவர் இத்தகைய இடரை மேற்கொள்ளலாமா என்னும் அவர்களது வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும், இடரை அறியாமல் அதில் குதிப்பதும், அறிந்து அதன் அளவைக் குறைத்தபின் இறங்குவதும் ஒன்றல்ல. அவர் உயிரைக் காத்த கயிறும் கவிழ்ந்தபின் நிமிர்ந்த படகும் கரையில் இருந்தபோதே அணியமாக்கப்பட்டவை.

மேன்ரி 1971ஆம் ஆண்டில் மறைந்தார். டிங்கர்பெல் இன்று கிளீவ்லாந்தில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது. அங்குக் காண்போர்க்கு முதலில் வியப்பளிப்பது அதன் சிறுமையே. அதனுள் பொருத்திய ஒவ்வொரு பலகைக்கும் ஒரு காரணம் உண்டு என அறியும்போது அவ்வியப்பு மதிப்பாக மாறும்.

தெரிந்து தெளிவோம்

கப்பலின் அடிப்பகுதியில் நீளவாக்கில் அமையும் முதன்மை மரத்தை 'எரா' என்றும், குறுக்கு மரத்தைப் 'பருமல்' என்றும், திசைகாட்டும் கருவியைச் 'சமுக்கு' என்றும் தமிழர் வழங்கினர்.

கற்பவை கற்றபின்...

1. இழுவைப் படகின் நன்மைகளையும் குறைகளையும் அட்டவணைப்படுத்துக.
2. 'மேன்ரியின் பயணம் துணிவா, பொறுப்பின்மையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.