தங்காக் கடைக்காரருக்கு அச்சு வேலை: தொடங்குபவருக்கான முழுமையான வழிகாட்டி

"பாஸ், ஆயிரம் ஃபிளையர் எவ்வளவு?" அச்சு வேலை பெரும்பாலும் இந்த ஒற்றை வாட்ஸ்அப் வரியில்தான் தொடங்குகிறது. மூன்று அச்சகத்தில் கேட்டால் மூன்று விலை வரும். ஒருவர் மெல்லிய தாளில் ஒரு பக்கத்துக்குக் கணக்குப் போட்டிருப்பார், இன்னொருவர் தடித்த தாளில் இரண்டு பக்கத்துக்கு. மலிவு என்று எடுத்தது எப்படிப்பட்டது என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

ஜொகூரின் தங்காக் துணிக்குப் பெயர் போன ஊர். அதனால் ஒரு துணிக்கடையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஃபிளையரும் பில் புத்தகமும் வேண்டும். உங்களுடையது சாப்பாட்டுக் கடையோ பட்டறையோ ஆனாலும் வழி இதுதான்.

படி 1: நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. செப்டம்பர் கடைசிக்குள் ஃபிளையர் கையில் இருந்தால்தான் பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்களை எட்டும். அச்சுக்கும் வெட்டுக்கும் ஒரு வாரம், திருத்தத்துக்கு ஒரு வாரம், வடிவமைப்புக்கு இரண்டு வாரம் வையுங்கள். இடையில் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 16 இரண்டும் பொது விடுமுறை. ஆக, ஆகஸ்ட் நடுவிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். சீனப் புத்தாண்டை ஒட்டிய வேலை என்றால் இன்னும் முன்னதாக. பல அச்சகங்கள் அப்போது நாள் கணக்கில் மூடியிருக்கும்.

படி 2: விவரத் தாள் எழுதுங்கள்

விலை கேட்கும் முன் அரைப் பக்கத்தில் எழுதி, அதே தாளை எல்லா அச்சகத்துக்கும் அனுப்புங்கள். இப்படி:

ஃபிளையர். அளவு ஏ5 (148 x 210 மிமீ). இரண்டு பக்கமும் நான்கு வண்ணம். 128 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். மடிப்பு இல்லை, லேமினேஷன் இல்லை. எண்ணிக்கை 2,000; 3,000-க்கும் விலை சொல்லவும். வடிவமைப்பு எங்களுடையது, பிடிஎஃப் தருவோம். செப்டம்பர் 25-க்குள் தங்காக் கடைக்கே டெலிவரி.

இரண்டு எண்ணிக்கைக்கு விலை கேட்பதில் ஒரு காரணம் உண்டு. ஆஃப்செட்டில் பிளேட் செய்து மெஷினைத் தயார் செய்யும் செலவு எத்தனை அடித்தாலும் ஒன்றுதான். அதனால் கூடுதல் ஆயிரத்துக்குத் தாள் செலவோடு கொஞ்சம்தான் ஏறும். இருநூறு, முந்நூறுக்கு டிஜிட்டலே போதும். ஆயிரக்கணக்கில் போனால் ஆஃப்செட். நடுவில் இருந்தால் இரண்டுக்கும் விலை கேளுங்கள்.

படி 3: தாளைத் தொட்டுப் பாருங்கள்

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. லெட்டர்ஹெட்டுக்கு 80 அல்லது 100 ஜிஎஸ்எம் சிமிலி, ஃபிளையருக்கு 128 அல்லது 157 ஆர்ட் பேப்பர், பெயர் அட்டைக்கு 260-க்கு மேல் ஆர்ட் கார்டு. பேனாவால் எழுத வேண்டிய எதற்கும் ஆர்ட் பேப்பர் வேண்டாம், மை வழுக்கும். அடர்ந்த நிறம் ஓடும் இடத்தில் மடிப்பு வந்தால் வெள்ளைக் கோடாக வெடிக்கும். தடித்த தாளில் மடிப்பதற்கு முன் கோடு அழுத்தித் தரச் சொல்லுங்கள். ஸ்பாட் யூவி மினுமினுப்பு பெயர் அட்டைக்கு அழகு. வாங்கிப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடும் ஃபிளையருக்கு அது வெட்டிச் செலவு.

நிறத்தில்தான் துணிக்கடைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கைப்பேசித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மையைக் கலந்து காட்டுகிறது. ராணி பிங்க்கும் கிளிப்பச்சையும் திரையில் ஜொலிக்கும், தாளில் சற்று மங்கித்தான் விழும். சரிகையின் தங்கம் கடுகு மஞ்சளாகிவிடும். நிஜமாகவே தங்கம் மின்ன வேண்டுமானால் ஃபாயில் ஸ்டாம்பிங் கேட்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

படி 4: கோப்பைச் சரியாகக் கொடுங்கள்

வெட்டும் கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். அதனால் பின்னணி நிறம் நான்கு புறமும் 3 மிமீ வெளியே நீண்டிருக்கட்டும், எழுத்து ஓரத்திலிருந்து 5 மிமீயாவது உள்ளே இருக்கட்டும். படம் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இனி தமிழ். மலேசிய அச்சகங்களில் கணினி முன் உட்காருபவர் பெரும்பாலும் தமிழ் படிக்காதவர். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு போடப்படாவிட்டால் "சேலை" என்பதில் இரட்டைக் கொம்பும் ஐகாரக் கொம்பும் எழுத்தை விட்டுப் பிரிந்து இடம் மாறி நிற்கும். புள்ளிகள் தள்ளி விழும். அவர் கண்ணுக்கு அது தவறாகத் தெரியாது. யூனிகோடு எழுத்துருவில் நீங்களே தட்டச்சு செய்து, எழுத்துகளை அவுட்லைனாக மாற்றிய பிடிஎஃப் கொடுத்தால் அங்கே எதுவும் கலையாது. மாற்றும் முன் திருத்தக்கூடிய கோப்பைத் தனியே சேமித்து வையுங்கள், அவுட்லைன் ஆனபின் எழுத்தைத் திருத்த முடியாது. சிறிய எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் ண, ன போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

படி 5: மாறக்கூடியதை அச்சில் ஏற்றாதீர்கள்

மூன்று வருடத்துக்குச் சேர்த்து அடித்தால் லாபம் என்று அச்சகத்தில் சொல்வார்கள். நம் ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வரி வந்தது, பில் புத்தகங்களில் அதன் பதிவு எண் ஏறியது. 2018-இல் அந்த வரியே போய்விட்டது. 2019 அக்டோபரில் நிறுவனப் பதிவு எண் 12 இலக்கமானது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. "வெள்ளி விடுமுறை" என்று அச்சிட்ட அட்டைகள் பயனற்றுப் போயின. இப்போது இ-இன்வாய்ஸ், 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி விற்பனை அளவுப்படி கட்டம் கட்டமாக வருகிறது. உங்கள் கடை எந்தக் கட்டத்தில் என்று கணக்காய்வாளரிடம் கேட்டுவிட்டுப் பில் புத்தகத்தின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

பில் புத்தகம் என்றால் கார்பன் வேண்டாத என்சிஆர் தாள்தான். எத்தனை நகல், எந்த நகல் என்ன நிறம், ஒரு புத்தகத்தில் எத்தனை செட், எது கிழிந்து வர வேண்டும், எது புத்தகத்தில் நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். வரிசை எண் பழைய புத்தகம் முடிந்த இடத்திலிருந்து தொடரட்டும். சென்டிரியான் பெர்ஹாட் என்றால் பெயரும் பதிவு எண்ணும் கட்டாயம். வருமான வரிக்காகக் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். என்சிஆர் எழுத்து வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும், ஆகவே படம் எடுத்தும் வையுங்கள்.

ஃபிளையரோடு தெருவில் பேனர், பன்டிங்கும் கட்டுவதானால் அதற்கு உள்ளாட்சி மன்ற அனுமதி வேண்டும். மலாய் வாசகம் பெரிதாக, முதன்மையாக இருக்க வேண்டும். அனுமதி வாங்கிவிட்டு அச்சுக்குப் போங்கள்.

படி 6: புரூஃபைத் தாளில் படியுங்கள்

திரையில் பார்த்து "ஓகே" அனுப்பாதீர்கள். அதே அளவில் தாளில் எடுத்து, கடையில் தமிழ் படிக்கத் தெரிந்த, இதுவரை அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். அச்சிட்ட தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பாருங்கள். கியூஆர் குறியை இரண்டு கைப்பேசியில் ஸ்கேன் செய்யுங்கள். விலையையும் சலுகை முடியும் தேதியையும் விரல் வைத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட பின் வரும் பிழைக்கு அச்சகம் பொறுப்பேற்காது, அது நியாயமும்தான்.

படி 7: கோட்டேஷனும் டெலிவரியும்

கோட்டேஷனில் வடிவமைப்பு, திருத்தம், பிளேட், டெலிவரி எல்லாம் அடங்குமா, எண்ணிக்கை கூடிக் குறைந்தால் காசு எப்படி, முன்பணம் எவ்வளவு என்பவை எழுத்தில் இருக்கட்டும். தங்காக்கிலேயே கொடுப்பதா, மூவாருக்கோ மலாக்காவுக்கோ போவதா? முதல் வேலையை நடந்து போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் கொடுங்கள் என்பேன். இணையத்தில் விலை குறைவாக இருக்கும், தாளைத் தொட்டுப் பார்க்க முடியாது.

சரக்கு வந்ததும் மேல் கட்டோடு நிறுத்தாமல் அடிக்கட்டிலும் நடுக்கட்டிலும் சில தாள்களை உருவிப் பாருங்கள். நிறமும் வெட்டும் ஒரே மாதிரி இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். கூடவே அச்சான கடைசிக் கோப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.