ஏர்பிரஷ் பழகும் பிள்ளைகளுக்கு: பெயிண்ட் கோளாறும் அதைக் கண்டுபிடிக்கும் வழியும்



நமது தொழிற்பயிற்சி உதவியில் ஏர்பிரஷ் கருவி பெற்றுச் சென்ற ஒரு தம்பியின் உம்மா, சில வாரங்களுக்கு முன் அதைத் துணிப்பையில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார். "மெஷின் கெட்டுப்போச்சு போலிருக்கு. பையனும் தனக்கு இந்த வேலை வராதுன்னு சொல்லிட்டான். வேற யாராவது இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுத்துடுங்க" என்றார்.

பயிற்சியாளரை வரவழைத்துக் காட்டினோம். அவர் முன்பக்க மூடியைக் கழற்றி, நாசிலைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கடுகளவுகூட இல்லாத காய்ந்த பெயிண்ட் அடைத்துக்கொண்டிருந்தது. ஊறவைத்துச் சுத்தம் செய்து, கப்பில் தண்ணீர் ஊற்றி அழுத்தினார். பனிப்புகை போலச் சீராக வந்தது. கருவிக்கும் ஒன்றுமில்லை, பிள்ளையின் கைக்கும் ஒன்றுமில்லை. அந்தத் தம்பி இப்போது மறுபடியும் வகுப்புக்கு வருகிறார்.

இப்படித் தொழிலை விட்டுவிட நினைக்கும் பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருக்கலாம் என்பதால் இந்தப் பாடத்தை எழுதுகிறோம். பழகுகிற பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் படிக்க வேண்டுகிறோம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

ஏர்பிரஷ் என்பது பேனாவைப் போல் கையில் பிடித்து வண்ணம் தெளிக்கும் சிறு கருவி. பைக் டேங்க், ஹெல்மெட், சுவர்ப்படம் என்று பல வேலைகளுக்குப் பயன்படுகிறது. நாம் கொடுத்திருக்கும் வகையில் விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி பின்வாங்கி, நாசில் வழியாகப் பெயிண்ட் வரும். வேகமாகப் பாயும் காற்று பெயிண்டை இழுத்துப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கிறது.

பழகுபவர்களின் கருவியில் நாசில் துவாரம் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவுதான். இவ்வளவு சிறிய துவாரத்தில் பெயிண்ட் கொஞ்சம் கெட்டியானாலும், ஒரு தூசி சிக்கினாலும் வேலை நின்றுவிடும். ஆகவே முதல் மாதத்தில் தொல்லை வருவது இயல்பு. அது பிள்ளையின் திறமைக் குறைவு அல்ல.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

பெயிண்ட் சரியாக வராதபோது பிள்ளைகள் செய்வது என்ன? தின்னர் ஊற்றுகிறார்கள், காற்றழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், ஊசியைக் கழற்றுகிறார்கள், எல்லாம் ஒரே நேரத்தில். பிறகு சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: ஒன்றை மட்டும் மாற்றி, பழைய செய்தித்தாளில் ஒரு புள்ளியும் ஒரு கோடும் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்ததைத் தொடுங்கள். எத்தனை பங்கு பெயிண்டுக்கு எத்தனை பங்கு தின்னர், காற்றழுத்தம் எவ்வளவு, எவ்வளவு தூரத்திலிருந்து அடித்தோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

முதல் சோதனை தண்ணீர்ச் சோதனை. தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் பெயிண்டில் பழகுபவர்கள் கப்பைக் காலி செய்து கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். தண்ணீர் சீராக வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, குறை பெயிண்டின் பதத்தில். தண்ணீரும் வரவில்லை என்றால் அடைப்பு, அல்லது ஏதோ ஒரு பாகம் தளர்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீரும். தின்னர் பெயிண்ட் அடிப்பவர்கள் தண்ணீருக்குப் பதில் அதே தின்னரை வைத்துச் சோதியுங்கள்.

தாளில் விழும் அடையாளமும் அதன் காரணமும்

பெயிண்ட் வரவே இல்லை, அல்லது விட்டுவிட்டு வருகிறது: பெயிண்ட் கெட்டியாக இருக்கலாம். பால் பதம் இருக்க வேண்டும். கப்பின் உட்சுவரில் பெயிண்டை ஏற்றி விட்டுப் பாருங்கள். மெல்லிய படலத்தை விட்டுவிட்டு வழுக்கி இறங்கினால் பதம் சரி. மோர்க்குழம்பு போல் ஒட்டி நின்றால் இன்னும் இளக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் கலவை அளவே முதலில் பின்பற்ற வேண்டியது. பின்பக்கம் ஊசியைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருந்தாலும் விசையை இழுக்கும்போது ஊசி நகராது, பெயிண்டும் வராது. மூடியுள்ள கப்பாக இருந்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கப்பில் குமிழி கொப்பளிக்கிறது: முன்னால் போக வேண்டிய காற்று பின்னால் வருகிறது. நாசில் அடைத்திருக்கும், அல்லது சரியாகப் பொருந்தியிருக்காது, அல்லது அதில் கீறல் விழுந்திருக்கும். முதலில் சுத்தம் செய்து, பிறகு பொருத்திப் பாருங்கள். நாசிலின் மரை மிகச் சிறியது. பலம் கொண்டு முறுக்கினால் உடைந்துவிடும்.

கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் துப்புகிறது: ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருக்கும். அக்ரிலிக்கில் இது அடிக்கடி நடக்கும். தின்னரில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் முனையை அவ்வப்போது துடைத்துக்கொள்ளுங்கள். கைப்பழக்கத்தாலும் இது வரும். முதலில் காற்று, பிறகு பெயிண்ட். முடிக்கும்போது முதலில் பெயிண்டை நிறுத்தி, பிறகு காற்றை விட வேண்டும். இந்த வரிசை விரலுக்குப் பழகும் வரை தாளிலேயே அடியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் துப்பினால், அல்லது கோடு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால், ஊசி முனை வளைந்திருக்கலாம்.

சிலந்திக் கால் போல் நாலாபக்கமும் ஓடுகிறது: பெயிண்ட் அதிகமாக நீர்த்துவிட்டது, அல்லது மிக அருகில் வைத்து அதிகமாக இழுக்கிறீர்கள், அல்லது காற்றழுத்தம் கூடுதல். 0.3 நாசிலில் தண்ணீர்ப் பெயிண்ட் அடிக்க 15 முதல் 25 பி.எஸ்.ஐ. போதும். நுண்ணிய கோட்டுக்கு அதிலும் குறைந்த பக்கம் வையுங்கள். பெயிண்ட் நீர்க்க நீர்க்க அழுத்தமும் குறைய வேண்டும்.

உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருக்கிறது: துளி பரப்பில் விழும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டது. கையை அருகில் கொண்டு வாருங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் நின்று அடித்தால் இப்படித்தான் வரும். நிழலில், காலை நேரத்தில் அடியுங்கள். மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்குங்கள்.

வழிந்து இறங்குகிறது: ஒரே தடவையில் மூடிவிட வேண்டும் என்ற அவசரம்தான் காரணம். மெல்லிய பூச்சாக அடித்து, மினுமினுப்பு அடங்கும் வரை காத்திருந்து, அடுத்ததை அடியுங்கள். கை நின்ற இடத்தில்தான் பெயிண்ட் வழியும். அடிக்கும்போது கை நகர்ந்துகொண்டே இருக்கட்டும்.

சிறுசிறு வட்டப் பள்ளங்கள் விழுகின்றன: பரப்பில் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. பைக் பாலிஷ் பலவற்றில் சிலிக்கான் உண்டு. அது இருக்கும் இடத்தில் பெயிண்ட் விலகி நிற்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையால் தொட்டாலும் போதும். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால் அழுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும். இந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை பூச்சு போட்டாலும் மறையாது. துடைத்து, தேய்த்து, மறுபடி தொடங்குவதே வழி.

திடீரென்று தண்ணீர்த் துளி தெறிக்கிறது: கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது காற்றில் உள்ள ஈரம் தண்ணீராகத் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும் கடலோர ஊர்களிலும் இது அதிகம். டேங்க் உள்ள கம்ப்ரசராக இருந்தால் வேலை முடிந்ததும் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். குழாயில் நீர்ப்பிடிப்பான் மாட்டியிருந்தால் அதையும் காலி செய்யுங்கள். மழை ஈரத்தில் லாக்கர் பெயிண்ட் அடித்தால் வெண்மையாகப் பூத்துப்போகும். அன்றைக்கு அந்த வேலையைத் தள்ளிப் போடுவது நல்லது.

பெயிண்ட் திரிந்து கட்டியாகிறது: தண்ணீர்ப் பெயிண்டில் லாக்கர் தின்னரை ஊற்றினால் திரிந்த பால் போல் ஆகிவிடும். எந்தப் பெயிண்டுக்கு எது தின்னரோ அதைத்தான் சேர்க்க வேண்டும். நன்றாகக் கலக்கிய பெயிண்டைக்கூட நைலான் துணியில் வடிகட்டி ஊற்றுவது நல்ல பழக்கம்.

சுத்தம் செய்யும் முறை

நிறம் மாற்றும்போதும் வேலை முடிந்ததும், தெளிவாக வரும் வரை தண்ணீரோ தின்னரோ அடியுங்கள். முன்முனையை ஒரு துணியால் மூடி மெல்லக் காற்று விட்டால் கப்பில் குமிழி எழும்பி, உள்ளே ஒட்டிய பெயிண்ட் கழன்று வரும். அந்தக் கலங்கலைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். ஊசியை வெளியே எடுத்துத் துடைத்து வையுங்கள்.

செய்யக்கூடாத இரண்டு உண்டு. அடைப்பு எடுக்கத் தையல் ஊசியோ ஊக்கோ நாசிலுக்குள் விடாதீர்கள். துவாரம் அகன்றுவிட்டால் புது நாசில்தான் வாங்க வேண்டும். கருவி முழுவதையும் தின்னரில் ஊறப்போடாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். நாசிலை மட்டும் தனியே ஊறவையுங்கள்.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை

கோளாறைத் திருத்த பெயிண்டும் நேரமும்தான் செலவாகும். நுரையீரல் கெட்டால் திருத்த முடியாது. ஏர்பிரஷ் துளிகள் மிக நுண்ணியவை, மூச்சோடு உள்ளே போகக்கூடியவை. தண்ணீர்ப் பெயிண்டானாலும் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது, என்-95 முகக்கவசமாவது வேண்டும். தின்னர் ஆவியை என்-95 தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். ஹார்டனர் கலக்கும் கார், பைக் பெயிண்டுகளில் ஐசோசயனேட் என்ற பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். அந்தப் பெயிண்டை வீட்டில் அடிக்கவே கூடாது. வெளிக்காற்று தரும் முகக்கவசமும் தனி அறையும் உள்ள பட்டறையில்தான் அடிக்க வேண்டும்.

சமையலறைக்கு அருகிலும், குழந்தைகள் தூங்கும் அறையிலும் தின்னர் வேலை வேண்டாம். அடுப்பின் ஒரு பொறி போதும். கேக் அலங்காரத்துக்கு ஏர்பிரஷ் வாங்கும் சகோதரிகள், உணவு நிறத்துக்கென்று தனிக் கருவி வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் பட்ட கருவியை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு எடுக்கக் கூடாது.

பெற்றோருக்கு

பிள்ளை தாளில் புள்ளியும் கோடுமாகப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, "எப்போ சம்பாதிக்கப் போறே?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன மாத்திப் பார்த்தே?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறோம். அடுத்தவர் நம்பிக் கொடுக்கும் டேங்கும் ஹெல்மெட்டும் உங்கள் கையில் அமானிதம். பழைய தகரத்தில் பத்து முறை பிசகலாம். அவருடைய பொருளில் பழகக் கூடாது. செய்தித்தாளிலும் தகரத்திலும் தொடர்ந்து சீராக வந்த பிறகே ஆர்டர் எடுங்கள். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதனால் ஒரு வேலை போகலாம், ஆனால் உங்கள் பெயர் கெடாது.

கருவி வேலை செய்யவில்லை என்று அலமாரியில் வைத்துவிட்டவர்கள் யாரும் இருந்தால், வெட்கப்படாமல் நோட்டையும் கருவியையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.