ஒதுங்கி நின்று காக்கும் மந்திரி

சென்ற ஆண்டு வட்டாரப் போட்டியில் கறுப்புக் காய் கிடைத்ததும் பாதி தோற்றவர்களாகவே உட்கார்ந்தோம். அது பிழை என்று இவ்வாண்டு கற்றுக்கொண்டோம்.

1850-களில் கல்கத்தாவில் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனுடன் ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜி, மந்திரியை ஓரத்தில் நிறுத்திப் போராடினார். ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர் பிறந்ததும் அத்தகைய ஆட்டங்களால்தான்.

முதலில் குதிரை எஃப்6. பின் சிப்பாய் ஜி6, மந்திரி ஜி7. வெள்ளை இ4 ஆடினால் உடனே டி6 ஆடுவோம். இல்லையேல் அச்சிப்பாய் இ5-க்கு வந்து நம் குதிரையை விரட்டும். கோட்டை கட்டியபின், இ5 ஆடி நடுவைத் தாக்குவோம்.

“சிப்பாய் வீணாகாதா?” எனத் தோழியர் கேட்கலாம். இ5-ல் சிப்பாய்களும் பின்பு ராணிகளும் வெட்டுப்பட்டு, எஃப்3-லுள்ள வெள்ளைக் குதிரை இ5-ஐ வெட்டட்டும். நம் குதிரை இ4-ஐ வெட்டும். மந்திரிக்கும் வழி திறக்கும். அவர்கள் நம் குதிரையை வெட்டினால், மந்திரி அவர்கள் குதிரையை வெட்டும். கணக்கு நேராகும்!

அந்த மந்திரியை எளிதில் இழக்கலாகாது. இழந்தால் ராஜாவைச் சுற்றிய கறுப்புக் கட்டங்கள் காவலற்றுப் போகும்.

2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றனர். உத்திரமேரூர்ப் பெண்களாகிய நாமும் முயல்வோமாக!