நீர்த்தாவரத் தொட்டியில் செரி பார்ப் மீன் வளர்த்தல்

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில், களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள நிழலடர்ந்த சிற்றோடைகளுக்கே உரியது செரி பார்ப் மீன். சிங்களத்தில் இது லே தித்தயா எனப்படும். பி. ஈ. பி. தெரணியகல 1929ஆம் ஆண்டில் இதனை விஞ்ஞான முறைப்படி விவரித்தார். ஏறத்தாழ 5 சதமமீற்றர் வளரும் இம்மீன் சாதுவானது. பிற சிறு மீன்களுடனும் இணங்கி வாழும். எனினும், புதிதாக வளர்ப்போர் பலர் முதல் மாதத்திலேயே மீன்களை இழக்கின்றனர். அதற்குப் பெரும்பாலும் காரணம் நோயன்று, அவசரமே.

1. தொட்டியும் தாவரமும்

60 சதமமீற்றர் நீளமும், 30 சதமமீற்றர் அகலமும் உயரமுமுடைய தொட்டி 54 லீற்றர் கொள்ளும். அதனை உறுதியான மேசைமீது, நேர்வெயில் படாதவாறு வைத்தல் வேண்டும். கழுவிய பருமணல் பரப்பி, பின்புறத்தில் வலிசுநேரியாவையும், முன்புறத்தில் நம் நாட்டுக் கிரிப்டோகோரைனையும் நடுக. நட்ட சில நாட்களில் கிரிப்டோகோரைனின் இலைகள் அழுகி உதிரக்கூடும். அதனைப் பிடுங்கலாகாது, வேரிலிருந்து புதிய இலைகள் தோன்றும்.

2. நீரைப் பக்குவப்படுத்தல்

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அமோனியா மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொருவகைப் பற்றீரியா நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இது தாவரங்களுக்கு உணவாகும். இப்பற்றீரியாக்கள் வடிகட்டியிலும் மணலிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை மீனின்றி வடிகட்டியை இயக்கி, நாள்தோறும் சிறிதளவு மீனுணவை மட்டும் இடுதல் வேண்டும்.

3. மீன் விடுதல்

இரண்டு மூன்று மீன்களை மட்டும் வளர்த்தால் அவை அஞ்சி ஒளிந்து நிறம் மங்கும். மூன்று ஆணும் ஐந்து பெண்ணுமாக எட்டு மீன்களேனும் இருத்தல் நன்று. ஆண் செந்நிறம், பெண் மங்கிய பழுப்பு நிறம். முதலில் நான்கினையும், இரு வாரங்களின் பின் எஞ்சியவற்றையும் விடுக.

4. பராமரிப்பு

வெப்பநிலை 23 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நன்று. இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரிற் கழுவினால் குளோரீன் நன்மை தரும் பற்றீரியாக்களைக் கொல்லும். தொட்டியிலிருந்து அகற்றிய நீரிலேயே அலசுக.

5. ஓடை மீன் வேண்டாம்

இம்மீன் தொட்டியிலேயே எளிதில் இனம்பெருகும். ஆதலின், பண்ணையிற் பிறந்த மீன்களையே வாங்குதல் வேண்டும். ஓடையிற் பிடிப்பதைத் தவிர்த்தால், வேறெந்த நாட்டு நீர்நிலைக்கும் உரித்தல்லாத இச்சிறு மீன் தன் பிறப்பிடத்தில் நிலைத்து வாழும்.